பகலில் பத்துமலைப் பாறை, இரவில் கோலாலம்பூர்: ஒரே நாளில் இரண்டும் முடியுமா?

சுண்ணாம்புக்கை · செவ்வாய், இரவு 9.12

வணக்கம். அலுவலக வேலையாக அடுத்த வாரம் கோலாலம்பூர் போகிறேன். வெள்ளிக்கிழமையோடு வேலை முடிந்துவிடும். ஞாயிறு இரவுதான் சென்னைக்கு விமானம். இடையில் கிடைக்கிற இரண்டு நாளைக் குளிரூட்டிய வணிக வளாகங்களில் தொலைக்க மனமில்லை.

இரண்டு வருடமாகச் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகுகிறேன். வெளிப்பாறை என்றால் இராமநகரம் மட்டும்தான், மூன்று முறை. அங்கே 6ஏ என்கிற கடினத் தரத்தில் உள்ள பாதை ஒன்றை முதல் ஆளாகக் கயிறு மாட்டிக்கொண்டே ஏறியிருக்கிறேன், பாதி வழியில் குலதெய்வத்தை அழைத்தபடி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழன் வெள்ளி இரவு பஸ் பிடித்துச் சனி விடியற்காலையில் வந்து சேர்வான். அவனும் ஏறுவான், நான் விழுந்தால் தாங்கக் கீழே நின்று எனக்குக் கயிறும் பிடிப்பான்.

திட்டம் இதுதான்: சனி பகல் பத்துமலையில் பாறையேற்றம். சனி இரவு விடிய விடிய ஊர் சுற்றல். ஞாயிறு காலை மறுபடியும் பாறை. மாலையில் விமான நிலையம். நடக்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

இராப்பறவை · செவ்வாய், இரவு 9.40

தாராளமாக நடக்கும். ஏழு வருடமாக இங்கே இருக்கிறேன். இந்த ஊருக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் நன்றாகப் பசிக்கும்.

மாலை ஆறு, ஏழு மணிக்குப் பெட்டாலிங் தெருப் பக்கம் ஒரு நடை. பிறகு ஜாலான் அலோர்: தெரு முழுக்க மேசை நாற்காலி, புகை, கரியில் வாட்டும் சாத்தே என்கிற குச்சி இறைச்சி. அங்கிருந்து நடந்தே சங்காட் புக்கிட் பிந்தாங் போய்விடலாம், மதுக்கூடங்கள் வரிசையாக இருக்கும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2017 கடைசியில் 18-இலிருந்து உயர்த்திவிட்டார்கள். முகம் இளசாக இருந்தால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மதுவுக்கு வரி அதிகம். ஒரு பீருக்குக் கொடுக்கிற வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில், மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் உணவகத்தில் இரண்டு பேர் வயிறார உண்டுவிடலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

கடைசியாக, எத்தனை மணியானாலும், மாமாக் கடை. தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீர், ரொட்டி சானாய் என்கிற பரோட்டா. பெரிய திரையில் கால்பந்து ஓடிக்கொண்டிருக்கும். தமிழிலேயே கேட்டு வாங்கலாம். மாமாக் என்ற சொல்லே நம் 'மாமா'விலிருந்து வந்தது என்றுதான் சொல்கிறார்கள்.

ஈப்போக்காரி · செவ்வாய், இரவு 11.05

இரவைப் பற்றி இராப்பறவை அண்ணன் சொல்லிவிட்டார். நான் பகலைச் சொல்கிறேன்.

பத்துமலை என்றதும் வெளியூர்க்காரர்கள் பத்தாவது மலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மலாயில் பத்து என்றால் கல். பக்கத்தில் ஓடும் சுங்கை பத்து என்கிற ஆற்றின் பெயர் மலைக்கு வந்தது. முழுக்கச் சுண்ணாம்புக் கல். வயது நாற்பது கோடி ஆண்டு என்கிறார்கள். நீங்கள் பழகிய இராமநகரம் கருங்கல், அங்கே கால்களை நம்பி ஏற வேண்டும். இங்கே மழைநீர் கல்லைக் கரைத்துக் கரைத்துக் குழி குழியாகவும் தூண் தூணாகவும் செய்து வைத்திருக்கிறது. விரல் இரண்டு நுழையும் குழி, முழங்கை வரை போகும் குழி, கட்டிப் பிடித்து ஏறும் கல் விழுது எல்லாம் உண்டு. சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிற இடங்கள் அதிகம் என்பதால் கைக்குத்தான் வேலை.

முதல் முறை வருகிறவர்கள் டாமாய் குகைப் பக்கம் போவது நல்லது. எளிய பாதைகளும் அங்கே நிறைய உண்டு. இன்னொரு சுவரின் பெயர் ஞாமோக், மலாயில் கொசு. பெயர் வைத்தவருக்கு என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கொசு எண்ணெயை மறக்காதீர்கள், ஆனால் உள்ளங்கையில் படாமல் பூசுங்கள்.

நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்குக் கொம்யூட்டர் ரயில் நேராக வருகிறது. ஆனால் நிலையம் கோயில் வாசலில் இருக்கிறது. ஏறும் சுவர்கள் மலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம். கயிற்று மூட்டையோடு அந்த வெயிலில் நடக்க வேண்டாம், வாடகைக் காரே எடுத்துவிடுங்கள். இங்கே ஏழு மணிக்குத்தான் பொழுது விடியும். ஏழரைக்குச் சுவரடியில் இருந்தால் பதினொன்றரை வரை ஏறலாம். அதற்கு மேல் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். பிற்பகலில் இடியோடு மழை வருவதும் வழக்கம்தான்.

பசியாறிவிட்டு வாருங்கள். பையில் வாழைப்பழம் வைத்தால் குரங்குக்குத்தான்.

மயிலிறகு · புதன், காலை 6.20

தவறாக நினைக்க வேண்டாம். பத்துமலை நமக்கு முருகன் இருக்கும் இடம். தம்புசாமிப் பிள்ளை வேலை நட்டு வழிபாடு தொடங்கி நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து ஏறுகிற மலையில் காலணியோடு, ஆணி அடித்து, விளையாட்டுக்கு ஏறுவது எனக்கு ஏனோ ஒப்பவில்லை.

ஈப்போக்காரி · புதன், காலை 7.02

அக்கா, எங்கள் பாட்டியும் இதைத்தான் கேட்டார். கோயில் குகை இருக்கும் முகப்பில் யாரும் ஏறுவதில்லை, ஏறவும் கூடாது. மலை பெரியது, சுற்றிலும் குடியிருப்பு, சாலை, தொழிற்கூடம் எல்லாம் இருக்கின்றன. முன்பு ஒரு பக்கத்தில் கல்லே உடைத்தார்கள். அதோடு ஒப்பிட்டால் நாங்கள் சுவரில் விட்டுவைப்பது கயிற்றை மாட்ட, விரல் கனத்துக்குச் சில போல்ட்டுகள். தைப்பூசத்தின்போது நான் பாறைப் பக்கமே போவதில்லை. பக்தியால்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், போக்குவரத்து நெரிசல் என்பதும் உண்மை.

ஒன்று மட்டும் அக்கா சொல்வதோடு ஒத்துப்போகிறேன். ஏறிவிட்டு அப்படியே அரைக்கால் சட்டையோடு கோயில் படிக்கட்டுக்கு வராதீர்கள். முழங்காலை மூடும் உடை வேண்டும்.

மயிலிறகு · புதன், காலை 7.30

சரி. மறுபக்கம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனாலும் 272 படியும் ஏறி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

பழைய முடிச்சு · புதன், பிற்பகல் 1.48

பெங்களூரில் இருந்துகொண்டு இருபது வருடத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருக்கிறேன். பத்துமலையில் இரண்டு முறை ஏறியிருக்கிறேன். நான் சொல்லப்போவது பிடிக்காமல் போகலாம்.

முதலில் பாறை. சுண்ணாம்புக் கல்லில் பிடிக்கும் முன் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பானை போல் ஓசை வந்தால் அந்த விழுதில் எடை போடாதீர்கள். பலர் ஏறிய பாதைகளில் பிடிகள் வழவழவென்று தேய்ந்திருக்கும். எளிய தரம் என்று சொல்லப்பட்ட பாதையே அதனால் கடினமாகத் தோன்றும். வெளியே சாய்ந்த சுவரில் மழை பெய்தாலும் நனையாமல் ஏறலாம், ஆனால் மழை விட்ட பிறகு உள்ளிருந்து நீர் கசியும். நேற்று காய்ந்திருந்த குழி இன்று சேறாக இருக்கும். போல்ட்டில் துரு வழிந்த கோடு தெரிந்தால், அதில் பொருத்திய தட்டு ஆடினால், இறங்கி வேறு பாதை பாருங்கள். தலைக்கவசம் போடுங்கள், கீழே நிற்பவரும்தான். குழிக்குள் கை விடுவதற்கு முன் குளவி வந்து போகிறதா என்று ஒரு நிமிடம் நின்று கவனியுங்கள்.

கயிறு. 60 மீட்டர் கயிறு என்றால் 30 மீட்டருக்குக் குறைவான பாதை மட்டும்தான் இறங்கி வர உதவும். பாதையின் உயரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் கயிற்றின் கீழ் முனையில் முடிச்சுப் போடுங்கள். ஏறியவரை இறக்கும்போது கயிறு தீர்ந்து முனை, கீழே கயிறு பிடிப்பவரின் கருவிக்குள் ஓடிவிட்டால் அவர் தரைக்கு வந்து சேர்வது வேறு விதமாக இருக்கும். இது கற்றுக்குட்டிகளுக்கு நடக்கும் விபத்து என்று எண்ண வேண்டாம், பழுத்தவர்களுக்கே நடந்திருக்கிறது.

இப்போது அந்த இரவு. சனி இரவு விடிய விடிய, ஞாயிறு காலை பாறை என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கமும் தண்ணீரும் இல்லாமல் ஏறுகிறவர் விழுந்தால் கயிறு பிடிக்கும். கயிறு பிடிக்கிறவர் அரைத் தூக்கத்தில் இருந்தால் யார் பிடிப்பது? நீங்கள் உங்கள் இரவைக் கணக்குப் பார்க்கிறீர்கள், உங்கள் தோழனின் இரவுகளைப் பார்க்கவில்லை. வெள்ளி இரவு அவன் சிங்கப்பூர் பஸ்ஸில் எல்லைச் சோதனைக்கு இரண்டு முறை இறங்கி ஏறி, ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்தே வருகிறான். சனிக்கிழமையே அவனிடம் மிச்சம் இருப்பது அரை ஆள்தான். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

இராப்பறவை · புதன், மாலை 6.15

ஐயா, அவர்கள் இரண்டு இளைஞர்கள், ஒரு வாரக்கடைசி. இமயமலைக்குப் போகவில்லை. இரண்டு பீர் குடித்துவிட்டு மறுநாள் எழுந்து வேலைக்குப் போகிற ஊர்தானே இது? நானே பலமுறை மூன்று மணிக்குப் படுத்து ஒன்பது மணிக்குக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய முடிச்சு · புதன், மாலை 6.31

கூட்டத்தில் கண் அசந்தால் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பார். பாறையடியில் கண் அசந்தால் இடிப்பதற்கு ஆள் இருபது மீட்டர் மேலே இருப்பார்.

அரை டிக்கெட் · புதன், மாலை 6.33

கொஞ்ச நேரத்தில் கீழே வந்துவிடுவார்.

இராப்பறவை · புதன், மாலை 6.50

சிரித்துவிட்டேன், அதனால் சண்டையில் பாதி போய்விட்டது. சரி, என் பக்கத்தையும் கேளுங்கள். பாறையேறுகிறவர்கள் ஊருக்கு வந்தால் எட்டு மணிக்குச் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். ஊர் எப்படி என்று கேட்டால் சுவர் நன்றாக இருந்தது என்கிறார்கள். நான்கு மணி நேரம் பறந்து வந்து கல்லை மட்டும் பார்த்துவிட்டுப் போவதற்கு உள்ளூரிலேயே கல் இருக்கிறதே? இரவை விடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. ஞாயிறு பாறையை விட்டுவிடுங்கள் என்றால் எனக்கும் சம்மதம்.

ஈப்போக்காரி · புதன், இரவு 8.10

நான் இரண்டு பேருக்கும் நடுவில். சனி காலை ஏறுங்கள், பிற்பகல் மூன்று மணி நேரம் கட்டாயம் தூங்குங்கள், இரவு போங்கள். ஞாயிறு காலை எழுந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள், முதலில் தோழனைக் கேளுங்கள். அவர் 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்றால் அதற்கு இல்லை என்று பொருள்.

வாடகைக்குக் கருவி எடுப்பதானால் இடுப்பு வாரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

சுண்ணாம்புக்கை · புதன், இரவு 10.22

எல்லோருக்கும் நன்றி. கயிறும், அதைப் போல்ட்டில் மாட்டும் குவிக்டிராக்களும் தோழன் கொண்டுவருகிறான். எனக்கு ஹார்னஸ், அதாவது இடுப்பு வார், மட்டும் வாடகை. பழைய முடிச்சு ஐயா சொன்ன பஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அவனை வெள்ளி மதியமே கிளம்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வந்து எழுதுகிறேன்.

சுண்ணாம்புக்கை · அடுத்த வாரம் புதன், இரவு 9.55

வந்துவிட்டேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோழன் மதிய பஸ்ஸில் வெள்ளி இரவே வந்துவிட்டான். அரை நாள் விடுப்பு எடுக்க வைத்தேன் என்று இன்னும் சொல்லிக் காட்டுகிறான். அன்று மாலையே ஹார்னஸ் வாடகைக்குப் போனேன். கடை பெயர் வேண்டாம். கொடுத்ததை ஈப்போக்காரி சொன்னபடி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால், கயிறு பிடிக்கும் கருவியை மாட்டுகிற வளையத்தில் நூல் பிரிந்து பூனை மீசை போல் நீட்டிக்கொண்டிருந்தது. வேறு கேட்டேன். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றார். எல்லாம் ஒன்றுதான் என்றால் எல்லாமே வேண்டாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் சுவரடியில் அறிமுகமான உள்ளூர்ப் பெண் ஒருவர் தன்னிடம் இருந்த இரண்டாவது ஹார்னஸைக் கொடுத்து உதவினார். பணம் வாங்கிக்கொள்ளவில்லை, தே ஓ ஐஸ் (பால் இல்லாத குளிர் தேநீர்) வாங்கிக் கொடுத்தோம்.

சனி ஏழரைக்கு டாமாய். காட்டுக்குள் கால் வைத்ததும் முதல் கொசு வரவேற்றது. சுவரை அண்ணாந்து பார்த்தபோது வயிற்றில் ஏதோ புரண்டது. இராமநகரத்துப் பாறை வழுக்கைத் தலை மாதிரி, ஒளிக்க ஒன்றுமில்லாமல் இருக்கும். இது அப்படியில்லை. உருகி வழிந்து பாதியில் உறைந்துபோன மாதிரி, மேலிருந்து கல் விழுதுகள் தொங்குகின்றன. மழைக்கறை கறுப்புக் கோடாக இறங்குகிறது. நடுநடுவே செம்மஞ்சள் திட்டு.

5சி ஒன்றில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 6ஏ ஒன்றைத் தொட்டேன். நான்காவது போல்ட் வரை குழியும் விழுதுமாக விருந்துதான். ஒரு விழுதை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் விட்டு ஓய்வெடுக்க முடிந்தது. கருங்கல்லில் இந்தச் சுகம் கிடையாது. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் மாட்டிக்கொண்டேன். வலது கைக்கு ஒரு குழி. நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாவது கணு வரை நுழைந்தன. விளிம்பு பிளேடு மாதிரி. உள்ளே ஈரம். இடது கையால் மேலே துழாவினால் எதைத் தொட்டாலும் வழவழப்பு. முன்னங்கை மரத்து, விரல் தானாகத் திறந்துகொள்ளத் தொடங்கியது. "விழப் போகிறேன்" என்று கத்தினேன். கீழிருந்து உடனே "இருக்கிறேன்" என்று குரல் வந்தது. ஒரே சொல், தூக்கம் இல்லாத தெளிவான குரல். அந்தக் குரல் கொஞ்சம் தாமதித்திருந்தாலும் நான் சுவரைப் பிராண்டிக்கொண்டு தோலை இழந்திருப்பேன். விட்டுவிட்டேன். மூன்று மீட்டர் வந்து மெத்தென்று நின்றேன். இரண்டாவது முயற்சியில்தான் தெரிந்தது, இடது கைக்குப் பிடி மேலே இல்லை. இடுப்புக்குப் பக்கத்தில், நான் பார்க்காமல் தாண்டி வந்த விழுதின் பின்பக்கம். அதைப் பிடித்துத் திரும்பியதும் ஐந்தாவது போல்ட் கையெட்டும் தூரத்தில்.

தோழன் ஏறும்போது நான் கயிறு பிடித்தேன். அவனை இறக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு என் பையைத் திறந்தது. இரண்டு கையும் கயிற்றில். கத்த மட்டும்தான் முடிந்தது. அது என் கண்ணைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, நிதானமாகப் பிரித்தது. என் நிலைமை அதற்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன். மேலே தொங்கியவன் பிஸ்கட்டுக்காகக் கவலைப்பட்டான், கயிற்றை விட்டுவிடுவேனோ என்று கவலைப்படவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

பதினொன்றே முக்கால் வரை ஐந்து பாதைகள். கயிற்று முனையில் ஒவ்வொரு முறையும் முடிச்சு, ஐயா. ஒன்றரைக்கு அறைக்குத் திரும்பும்போது வானம் கறுத்து, கதவைத் திறக்கவும் இடி இறங்கவும் சரியாக இருந்தது. ஐந்து மணி வரை தூங்கினோம்.

இரவு. முதல் நிறுத்தம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, அங்கேதான் ஒரு விபத்து. பகலில் ஏறும்போது விரல் நுனித் தோல் எவ்வளவு போயிருக்கிறது என்று இரசம் ஊற்றிப் பிசையும் வரை தெரியவில்லை. எலுமிச்சை ஊறுகாய் விரலில் பட்டதும் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பரிமாறிய அம்மா பதறிப்போய், "காரமா ஐயா?" என்றார். வாயில் வைக்கவே இல்லை அம்மா, கையிலேயே காரம் என்றேன். கரண்டி கொண்டுவந்து வைத்தார். வாழையிலையில் கரண்டியால் சாப்பிட்ட அவமானத்தை இங்கே மட்டும்தான் ஒப்புக்கொள்கிறேன்.

சங்காட் போனோம். இசை ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொன்று, எல்லாம் தெருவில் வந்து முட்டிக்கொள்கின்றன. நான் ஒரு பீர், தோழன் இரண்டு, பிறகு மூன்று. எனக்கு அரை மணியில் சலித்துவிட்டது. இராப்பறவை கோபித்துக்கொள்ள வேண்டாம், அங்கே பேசவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. பதினொன்றரைக்கு இரட்டைக் கோபுரத்தைத் தாண்டி சலோமா பாலத்துக்கு நடந்தோம். 2020-இல் திறந்த நடைபாலமாம். நெடுஞ்சாலையையும் கிள்ளான் ஆற்றையும் தாண்டுகிறது. மலாய்க் கல்யாணத்தில் வைக்கும் வெற்றிலை அடுக்கின் வடிவம் என்று ஒருவர் சொன்னார். சொன்ன பிறகு வேறு எதுவாகவும் தெரியவில்லை: அடுக்கி வைத்த வெற்றிலைக்குள் புகுந்து நடந்து போகிற மாதிரி, விளக்கு பச்சையிலிருந்து ஊதாவுக்கு மாறிக்கொண்டே வருகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள். அந்தப் பக்கம் இறங்கினால் கம்போங் பாரு, ஓட்டு வீடு, வாழை மரம், சைக்கிள், நள்ளிரவில் நாசி லெமாக்குக்கு வரிசை. தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, சம்பல். மறுபடியும் கரண்டி.

ஒரு மணிக்கு மாமாக் கடையில் தே தாரிக் வந்தது. கண்ணாடிக் குவளையைத் தொட்டதும் சுட்டது, மற்றவர்கள் எல்லோரும் அதே குவளையைச் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோல் மெலிந்துபோன விரல் நுனிக்கு எல்லாமே கொதிக்கிறது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில், பச்சைக் குழந்தையை ஏந்துவது போல் ஏந்திக் குடித்தேன். தோழனைப் பார்த்தேன், அவனும் அப்படியே. அந்த நேரத்தில் எங்களைத் தாண்டிப் போன யாருக்கும் இந்த இரண்டு பேரும் காலையில் என்ன செய்தார்கள் என்று தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஞாயிறு காலை ஆறரைக்கு அலாரம். ஈப்போக்காரி சொன்னபடி தோழனைத்தான் முதலில் கேட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, "நீ ஏறலாம். ஆனால் உன்னை இன்று நான் பிடிக்க மாட்டேன்" என்றான். எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. ஒரு பீரோடு நிறுத்தியவன் நான். மூன்று குடித்தவன் அவன், என் ஞாயிற்றுக்கிழமை போயிற்றே என்று. பல் துலக்கி முடிப்பதற்குள், பரவாயில்லை பார்க்கலாம் என்று அவன் சொல்லியிருந்தால் நான் கிளம்பியிருப்பேன் என்பதும் உறைத்தது.

ரயில் பிடித்துப் பத்துமலைக்கே போனோம், இந்த முறை கோயில் வாசலுக்கு, முழுக்கால் சட்டையோடு. மயிலிறகு அக்கா, கும்பிடு போட்டாயிற்று. 272 படியில் என் தொடை இருநூறாவது படியிலேயே வேலை நிறுத்தம் செய்தது. குகைக்குள் கூரைத் திறப்பு வழியாக வெளிச்சம் இறங்குகிற இடத்தில் நின்று எல்லோரும் மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் மேலே பார்த்தேன், ஆனால் என் கண் விழுது விழுதாகப் பிடி தேடிக்கொண்டு போனது. முருகன் மன்னிக்க வேண்டும்.

மயிலிறகு · புதன், இரவு 10.10

மன்னிப்பார். அவரும் மலை மலையாக ஏறி உட்கார்ந்தவர்தானே.

அரை டிக்கெட் · புதன், இரவு 10.14

இரட்டைக் கோபுரத்தைப் பார்க்கும்போது கை அரிக்கவில்லையா? அலென் ரோபேர் என்கிற பிரெஞ்சுக்காரர் கயிறே இல்லாமல் அதில் ஏறியவர். 1997-இல் அறுபதாவது மாடியில் பிடித்துவிட்டார்கள். பத்து வருடம் கழித்து 2007-இல் மறுபடியும் வந்தார், மறுபடியும் அறுபதாவது மாடியில் பிடித்தார்கள். 2009-இல் உச்சிக்கே போய்விட்டார். அறுபதாவது மாடியில் காவலுக்கு இருந்தவர் அன்று விடுப்பு போலிருக்கிறது.

சுண்ணாம்புக்கை · புதன், இரவு 10.20

அரித்தது. மாடிக்கு மாடி எஃகு வளையம் படிக்கட்டு மாதிரி போகிறது. பார்க்கக் கூடாத கண்ணோடு பார்த்தேன்.

ஈப்போக்காரி · புதன், இரவு 10.41

நீங்கள் காலையில் பிடித்த அதே சுண்ணாம்புக் கல்தான் அந்தக் கோபுரத்துக்கு அடியிலும் ஓடுகிறது, தெரியுமா? நகரத்தின் பெரும்பகுதி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கோபுரங்களை முதலில் குறித்த இடத்தில் மண்ணைத் துளைத்துப் பார்த்தபோது, பூமிக்கடியில் ஒரு சுண்ணாம்புச் செங்குத்தின் விளிம்பு அகப்பட்டது. ஒரு பாதிக்குக் கரைந்துபோன சுண்ணாம்பு, மறு பாதிக்கு மென்பாறை. அதனால் மொத்தக் கட்டடத்தையும் ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். அப்படியும் அடித்தளத் தூண்களில் சில 114 மீட்டர் ஆழம் வரை போகின்றன. அவர்களும் தட்டிப் பார்த்திருக்கிறார்கள், பழைய முடிச்சு ஐயா சொன்ன மாதிரி.

அந்த இரண்டு விரல் குழி எனக்குத் தெரியும். என் தோலும் அங்கே கொஞ்சம் இருக்கிறது.

இராப்பறவை · புதன், இரவு 11.02

சங்காட் சலித்ததா! முதலில் நெஞ்சில் குத்திற்று. பிறகு யோசித்தால் நானே அங்கே போய் ஒரு வருடமாகிறது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் மட்டும் சொல்கிறேன். கம்போங் பாருவை முதலில் சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது. அடுத்த முறை வந்தால் நானே கூட்டிப் போகிறேன், கரண்டி என் செலவு.

பழைய முடிச்சு · வியாழன், காலை 5.50

முழுவதும் படித்தேன். ஏறியதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பிடியை எல்லோருமே தவறவிடுகிறோம்.

உங்கள் தோழனிடம் சொல்லுங்கள், அவர் பெங்களூர் வந்தால் இராமநகரத்துக்கு நான் அழைத்துப் போகிறேன். "இன்று நான் பிடிக்க மாட்டேன்" என்று படுக்கையிலிருந்தே சொல்லத் தெரிந்த ஆள் எனக்கு வேண்டும். என்னோடு ஏறுகிறவர்களில் அதைச் சொல்லக்கூடியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், விரலும் மிஞ்சும்.

நீங்களும் வரலாம்.

சுண்ணாம்புக்கை · வியாழன், காலை 8.05

அவனுக்கு அனுப்பிவிட்டேன் ஐயா. 'நல்லவேளை, அன்றைக்கு மூன்று குடித்தேன்' என்று பதில் வந்திருக்கிறது.

அரை டிக்கெட் · வியாழன், காலை 8.07

இராமநகரத்துக்கு முந்தின இரவு பெங்களூரில் எங்கே சாப்பிடுவது என்று புதிய இழை தொடங்கட்டுமா?

பழைய முடிச்சு · வியாழன், காலை 8.30

எட்டு மணிக்குள் மூடுகிற இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.